நாலு கோடைகளும் மூன்று கைகளும்

சிட்னி செவன் ஹில்ஸில் இருக்கும் என் மகனுக்கு,

முதலில் நம் பிள்ளைகளைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு எந்தக் கடிதமும் தொடங்க வராது. உன் மூத்தவள் பல் வைத்தியராகி, தனக்கென்று ஒரு அறையும் கண்ணாடிக் கதவில் தன் பெயரும் வைத்திருக்கிறாள். அந்தப் பெயரின் பின்பாதி உன் அப்பாவினுடையது. மன்னாரில் கரைவலை இழுத்த மனிதனின் பெயரைப் படித்துவிட்டுத்தான் சிட்னியில் வெள்ளைக்காரர் வாயைத் திறக்கிறார்கள். உன் தங்கச்சியின் மகன் கணக்கியல் முடித்து, நகரத்தில் ஒரு உயரமான கட்டடத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறான். லிஃப்ட் ஏறும்போது காது அடைக்கிறதாம். அதையும் நான் கோயிலில் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் தங்கச்சி பூசையில் தமிழ் வாசகம் வாசிக்கிறாள், ஒரு இடத்திலும் தடக்குவதில்லை. கடைசியாக உன் இளையவன் அமலன். பொறியியலும் படித்துக்கொண்டு, கல்லூரி பேஸ்போல் அணிக்குப் பந்து எறிந்து, அந்த அணியை முதல்முறையாக இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இப்படி ஒரு பேரப்பிள்ளைக் கூட்டம். கர்த்தர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

இதைச் சொன்ன வாயால்தான் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அமலனின் வலக்கை நன்றாக இல்லை. வருகிற சனிக்கிழமை சிட்னியில் அவன் பந்து எறியக்கூடாது. அவனை நிறுத்த இப்போது உன் ஒருவனால்தான் முடியும். ரெலிபோனில் சொல்லித்தான் பார்த்தேன். “பெடியன் எப்பிடி இருக்கிறான், சாப்பிடுறானே?” என்று கேட்டாய். கையில் கொஞ்சம் நோவு என்று நான் தொடங்க, “நோவு எல்லாருக்கும் வரும் அம்மா, ஐஸ் வைக்கச் சொல்லுங்கோ” என்றாய். பிறகு எத்தனை குடும்பம் பார்க்க வருகிறது, யார் யார் பிரியாணி கொண்டுவருகிறார்கள் என்று போய்விட்டாய். அமலனும் பக்கத்துக் கதிரையில் என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். உன் கூட்டாளிகளுக்கும் வாசித்துக் காட்டு. சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைகளை மைதானத்துக்கு ஏற்றி இறக்குகிற எல்லாரும் வாசிக்கட்டும்.

முதல் கோடையிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் நான் எதைக் கண்டு பயப்படுகிறேன் என்று உனக்கு விளங்கும்.

அவன் இங்கே படிக்க வந்த வருடம். நீதான் சிட்னியிலிருந்து காரில் கொண்டுவந்து கிளேட்டனில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினாய். முதல் ஆட்டத்துக்கு நீயும் நின்றாய், ஞாபகமிருக்கும். நான் மடிப்புக் கதிரையில் இருந்து மைதானத்தைப் பார்த்தேன். பச்சைப் புல்லுக்கு நடுவில் மண்ணைக் குவித்து ஒரு சின்ன மேடு. “உதென்ன தம்பி, புதுசாப் புதைச்ச குழி மாதிரி?” என்று கேட்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. “விசர்க் கதை கதையாதேங்கோ அம்மா. அதிலை நிண்டுதான் பந்தை எறியிறது. ஆட்டத்திலை அதுதான் பெரிய இடம்.” அப்போது அந்த மேட்டில் நின்றவன் லூக் என்ற பையன். பனைபோல உயரம், முகமெல்லாம் செம்புள்ளி. நம் அமலன் எங்கோ தூரத்தில் வேலியோரம் நின்று, வராத பந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கோடை முழுக்க அவர்கள் தோற்றார்கள். ஆனால் நான் பார்த்த நாலு கோடையிலும் அந்தப் பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தது அப்போதுதான். தொப்பியில் கூழைக்கடா படம். எதிரணிக்காரர் கூழைக்கடா மாதிரி வாயைப் பிளந்து காட்டிப் பகிடி பண்ணுவார்கள், இவர்களும் சேர்ந்து பிளப்பார்கள். நான் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோவேன். கோச் பெரிய வயிற்றுக்காரன், மூக்கில் வெள்ளைக் களிம்பு. என்னைக் கண்டதும் “அப்பம்மா! ரோல்ஸ்?” என்று மைதானத்தின் அந்தக் கரையிலிருந்தே கத்துவான். அணி முழுக்க என்னை அப்பம்மா என்றுதான் கூப்பிட்டது.

எறிகிறவன் நல்லாக எறிந்தால் எதிரி ஓட முடியாது. லூக் நல்லாக எறிந்தான். வேறு ஒருவனுக்கும் எறியத் தெரியாததால் எல்லா ஆட்டமும் அவனே எறிந்தான். கோடை முடிகிற நேரம் ஒரு ஆட்டத்தின் நடுவில், கத்தவும் இல்லை, விழவும் இல்லை, மேட்டிலிருந்து இறங்கி நடந்துவந்து பந்தைக் கோச்சின் கையில் வைத்தான். இடக்கையால் வைத்தான். அவன் தாய் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். கதிரையை மடித்து எடுத்துக்கொண்டு எழும்பினாள். அடுத்த வருடம் லூக் அணியில் இல்லை. ஒருநாள் சாமான் கடையில் கண்டேன். பெயின்ட் வாளிகள் அடுக்குகிற வேலை. என்னைக் கண்டு சிரித்து, “ஹலோ அப்பம்மா” என்று சொல்லிவிட்டு, மேல் தட்டில் வைக்கவேண்டிய வாளிக்கு இன்னொருவனைக் கூப்பிட்டான்.

இரண்டாவது கோடையில் மேட்டுக்கு வந்தவன் மின். கொரியாப் பிள்ளை. போகும் முன்னர் லூக்தான் அவனுக்குக் கை பழக்கிவிட்டான் என்று அமலன் சொன்னான். மின் பேசுவது குறைவு. எங்கள் வீட்டுக்கு வருவான், குசினியில் நின்றபடி கத்தரிக்காய்க் கறியைச் சட்டியோடு வழித்துச் சாப்பிடுவான். உறைப்பில் அமலனையே வென்றுவிட்டான். அவன் எறிகிற பந்து நேராக வருவதுபோல வந்து, அடிக்கிறவனுக்கு முன்னால் சட்டென்று வளைந்து கீழே விழும். மணிக்கட்டைத் திருப்பி எறிகிற வித்தையாம் அது. அணி வெல்லத் தொடங்கியது. வெல்லத் தொடங்கியதும் சனம் வந்தது. கோச் ரோல்ஸை மறந்து மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினான். மின் தன் பங்குக்கு எங்கள் தோட்டத்தில் நின்று அமலனுக்கு அந்தத் திருப்பலைச் சொல்லிக் கொடுத்தான். நான் துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து கையுறைக்குள் விழுகிற சத்தம், கதவை யாரோ தட்டுகிறதுபோல, திரும்பத் திரும்ப. ஓடிப்போய்த் திறக்கவேண்டும் போலிருக்கும்.

மின்னுக்குக் கோடை முடியுமுன்னரே முழங்கை வீங்கிவிட்டது. கட்டிக்கொண்டு எறிந்தான். அரையிறுதி வரை வந்து தோற்றார்கள். படிப்பை இடையில் விட்டுத் தாய் தகப்பனிடம் போனான். வழியனுப்ப அமலனோடு நானும் விமான நிலையம் போனேன். அந்தப் பிள்ளை பெட்டியை இடக்கையால் இழுத்துக்கொண்டு போனது. குனிந்து வணங்கி விடைபெற்றபோது வலக்கை முழுதாக நிமிரவில்லை. காரில் திரும்பும்போது நான், “அமலன், உந்த மேட்டிலை நீ ஏறாதை ராசா” என்றேன். “அப்பம்மா, யூ ஆர் சோ ட்ரமாட்டிக்” என்று சிரித்தான். நாடகக்காரி என்று அர்த்தமாம்.

மூன்றாவது கோடையில் அவன்தான் ஏறினான்.

மகனே, அந்த முதல் நாளை நான் பொய்யாக எழுத மாட்டேன். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. நம் கறுப்புப் பிள்ளை அந்த உயரத்தில் நிற்க, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் கையைப் பார்த்தது. நானும் எழும்பி நின்று கத்தினேன். அயலில் இருந்த கிழவர் ஒருவர் தன் கோப்பியை ஊற்றிக்கொண்டார். நீ அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் விமானம் ஏறி வந்தாய். நீ இளவயதில் ஊரில் கோயில் பெருநாளுக்கு எல்லே ஆட்டம் விளையாடியவன். மூங்கில் தடியால் பந்தை மாதா கோயில் கூரைக்கு மேலாக அனுப்பியவன். எல்லேயில் சனம் அடிக்கிறவனைத்தான் பார்க்கும். எறிகிறவனின் கை என்ன பாடு படுகிறது என்று நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. இங்கே இரண்டு கையைப் பார்த்தபிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. நீ வந்தது மூன்றாவது கைக்கு. உனக்கு அது வெற்றியாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்து ஆட்கள் வீடியோப் படம் பார்த்து ஆள் எடுப்பார்கள் என்று யாரோ உனக்குச் சொன்னார்கள். சனிக்கிழமை கல்லூரிக்கு எறிந்தது போதாமல், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கழகத்துக்கும் எறிய ஏற்பாடு செய்தாய். பிடிக்கிற படம் கூடவேண்டுமாம். கல்லூரியில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எறியலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு கல்லூரிக் கோச்சுக்குத் தெரியாது. சனிக்கிழமைக் கணக்கு மற்றக் கோச்சுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தது உனக்கும் அவனுக்கும் மட்டும்தான். குளிர்காலத்தில் கை ஆறியிருக்கும் என்றால், குளிர்காலத்திலும் கூரை போட்ட கூடத்தில் எறிந்தான். ஞாயிறு பூசையை மாலைக்கு மாற்றினோம்.

இனி இந்தக் கோடை. நத்தாருக்கு, பாலன் பிறந்த நாளுக்கு, நாங்கள் எல்லாரும் உன் வீட்டில் கூடியிருந்தோம். கறி எல்லாம் மேசைக்கு வந்தபிறகு அமலன் எழும்பிப் போய் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு வந்தான். நீ அவனைப் பார்த்தாய்.

“என்னடா உது?”

“ஸ்பூன், அப்பா.”

“தெரியுது. எங்கடை வீட்டிலை சோறு கையாலைதான் தின்னிறது. உன்ரை அப்பப்பா கையாலை திண்டுதான் வலை இழுத்தவர். நாலு வருசம் வெள்ளைக்காரரோடை விளையாடின உடனை துரைக்குக் கை ஊத்தையாப் போச்சோ?”

“இட்ஸ் ஜஸ்ட் ஈஸியர்.”

“ஈஸியாம்! நாளைக்குப் புட்டையும் முள்ளுக்கரண்டியாலை குத்துவார்.”

எல்லாரும் சிரித்தார்கள். உன் மூத்தவள், “பல்லுக்குக் கரண்டி கூடாது தம்பி” என்று தன் பங்குக்குச் சொன்னாள். அவனும் சிரித்தான். நானும் விட்டுவைக்கவில்லை. “வெள்ளைக்காரப் பெட்டை ஆரையும் பாத்திட்டான் போல” என்றேன். மேசையே அதிர்ந்தது. அவன் கரண்டியை வைத்துவிட்டு, கொஞ்சம் சோற்றைக் கையால் அளைந்துவிட்டு, பசியில்லை என்று எழும்பிப் போனான். அவன் சோற்றுக் கோப்பையைச் சுற்றிச் சோறு சிந்திக் கிடந்தது. சின்னப் பிள்ளை சாப்பிட்ட இடம்போல. அதைத் துடைத்தவள் நான்தான். துடைத்துவிட்டுப் படுத்து நித்திரை கொண்டேன்.

வேறு இனத்தவர் என்றால் அவன் கரண்டி எடுத்ததைக் கவனித்தும் இருக்கமாட்டார்கள். நாங்கள் கவனித்தோம். கவனித்தது மானத்தை. கையை ஒருவரும் பார்க்கவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலைப் பூசை. நற்கருணைக்கு வரிசையில் எனக்கு முன்னால் அவன் நின்றான். சாமியார் அப்பத்தை அவன் இடக்கையில் வைத்தார். அவன் வலக்கை விரலால் அதை எடுத்தான். எடுத்தது வாய்க்குப் போகவில்லை, விரலிடுக்கால் நழுவி நிலத்தில் விழுந்தது. சாமியார் குனிந்து பொறுக்கினார். அமலன் நின்ற இடத்திலேயே தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அது வேறு யாருடையதோ என்பதுபோல. பிறகு சிலுவை போட்டான். இடக்கையால். நான் உனக்கும் உன் தங்கச்சிக்கும் கை பிடித்துச் சிலுவை பழக்கியவள். அவனுக்கும் நான்தான் பழக்கினேன். இடக்கையால் சிலுவை போடுகிற பிள்ளை இல்லை அவன்.

காருக்குள் ஏறியதும் கேட்டேன். அவன் கண்ணாடி வழியே முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சின்ன விரலும் பக்கத்து விரலும் என்ரையில்லை, அப்பம்மா.”

“எப்ப இருந்து?”

“முதல்லை எறிஞ்ச பிறகு மட்டும்தான். பிறகு காலமையும். இப்ப எப்பவும்.”

“நத்தாருக்கும் இருந்ததோ?”

“ஓம்.”

“ஏன் சொல்லேல்லை?”

“எல்லாரும் சிரிச்சுக்கொண்டு இருந்தீங்கள்.”

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அவனாகவே சொன்னான்: “அப்பாட்டைச் சொல்லாதேங்கோ. ஃபைனல் முடியட்டும். அப்பா எல்லாரையும் கூப்பிட்டிட்டார். ப்ரொமிஸ் பண்ணுங்கோ.” நான் சத்தியம் பண்ணவில்லை. “வா, சாப்பிடுவம்” என்றேன். அன்றைக்கு நானே குழைத்து ஊட்டினேன். இருபத்தொரு வயதுப் பிள்ளை வாயைத் திறந்து வாங்கிச் சாப்பிட்டது. நான் அழவில்லை. அழுதால் அவன் சாப்பிட மாட்டான்.

உன் தங்கச்சி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அடுத்த நாள் அவளிடம் காட்டினேன். அவள் ஒரு கடதாசித் துண்டை எடுத்து, அவன் சின்ன விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் வைத்து, “இறுக்கிப் பிடி” என்றாள். பிடித்தான். அவள் மெதுவாக இழுத்தாள். கடதாசி வழுக்கிக்கொண்டு வந்தது. “இன்னொருக்கா” என்றாள். திரும்பவும் வந்தது. முழங்கையில் நரம்பு ஒன்று நசிபடுகிறதாம். உடனே ஸ்கான் எடுத்து, எறிவதை நிறுத்தினால் திரும்பி வரலாம். எறிந்துகொண்டே போனால் விரல் அப்படியே நின்றுவிடவும் கூடும், ஒரு எறியில் முழங்கையே போய்விடவும் கூடும் என்றாள். “மருமகன், உனக்கு இது விளையாட்டுக் கையில்லை, எழுதுற கை” என்றாள். “ஆஃப்டர் த ஃபைனல், மாமி” என்றான். அவள் என்னிடம் தனியாக, “நான் சொன்னா அண்ணா கேக்கமாட்டார், எனக்கும் அவருக்கும் உடனை சண்டை வந்திடும். நீங்கள் சொல்லுங்கோ” என்றாள். அதுவும் சரிதான். அவள் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்?

கோச்சிடமும் போனேன். ரோல்ஸ் பெட்டியைக் கையில் கொடுத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில், “அமலன் ஹாண்ட், நோ குட்” என்றேன். அந்த மனிதன் கெட்டவன் இல்லை. உடனே அமலனைக் கூப்பிட்டுக் கேட்டான். அமலன் என் தோளில் இடக்கையைப் போட்டு, சிரித்துக்கொண்டு, டொக்டர் பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லை, கிழவிகள் இப்படித்தான் என்று சொன்னான். இங்கிலீசில் சொன்னால் எனக்கு விளங்காது என்று நினைத்திருக்கிறான். நாலு வருடம் அந்தக் கதிரையில் இருந்தவளுக்கு அவ்வளவு இங்கிலீசும் வராமலா போகும்? கோச் என்னைப் பார்த்து, “ஹி சேஸ் ஹி இஸ் ரைட், லவ்” என்று சொல்லி ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தான். அவனுக்கும் அமலன் வேண்டும். வேறு எறிகிறவன் இல்லை. அன்றைக்கு வேலியோரத்தில் ஒரு புதுப் பையனுக்கு அமலன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றான். லூக் மின்னுக்குப் பழக்கினான், மின் இவனுக்குப் பழக்கினான், இப்போது இவன். அந்தப் பையனின் தாய் எனக்குப் பக்கத்தில் வந்து, புதுக் கதிரையை விரித்து, சந்தோசமாக இருந்தாள். அவளுக்கு என்ன சொல்லலாம் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை.

இந்த மறைக்கிற பழக்கம் அவனுக்கு எங்கேயிருந்து வந்தது என்று தேடி நீ வெகுதூரம் போகத் தேவையில்லை. பெருநாள் எல்லே ஆட்டத்துக்கு முதல் நாள் கிணற்றடியில் வழுக்கிக் கணுக்கால் வீங்கினதை நீ ஒருவருக்கும் சொல்லவில்லை. சாரத்தை இறக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாய். அப்பா பந்தயம் பிடித்திருந்தார், அவருக்கு முகம் கறுக்கக்கூடாது என்று. ஓடி வென்றாய். உன்னைத் தோளில் தூக்கினார்கள். இறக்கியபோது உன்னால் நிலத்தில் கால் ஊன்ற முடியவில்லை. அப்பா அன்றைக்குப் பட்ட பாடு உனக்குத் தெரியாது, நீ மயக்கத்தில் இருந்தாய். கோயில் மதிலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, நான் என்ன பேயே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தகப்பனுக்குப் பயந்து பிள்ளை மறைப்பதை நான் கண்டிருக்கிறேன். தகப்பனில் இருக்கிற பாசத்தால் மறைப்பது அதைவிடக் கொடியது. அடிக்கிற தகப்பனிடமிருந்தாவது பிள்ளை ஓடிவிடும்.

அதனால் உனக்கு இதைச் சொல்கிறேன், கோபிக்காதே. நீ அவனை வற்புறுத்தவில்லை, எனக்குத் தெரியும். நீ சந்தோசப்பட்டாய், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகள் எங்களுடைய சந்தோசத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் கப்பலேறி, முகாமில் கிடந்து, தொழிற்சாலையில் இரவு வேலை செய்து அவர்களைப் படிப்பித்த கதையை ஒவ்வொரு நத்தாருக்கும் சொல்கிறோம். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இவர்களுக்கு முன்னால் எனக்கு ஒரு விரல் நோகிறது என்று எப்படிச் சொல்லுவார்கள்? சைவக்காரியான உன் மனைவி ஹெலன்ஸ்பர்க் கோயிலில் தேங்காய் உடைக்க நேர்ந்திருக்கிறாள். நான் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்திருந்தேன். அவள் வெற்றிக்கு, நானும் அப்போது வெற்றிக்குத்தான். ஒரு கைக்கு இரண்டு பக்கத்துத் தெய்வத்தையும் ஏவிவிட்டோம். நான் என் நேர்த்தியை மாற்றிவிட்டேன். அவளையும் மாற்றச் சொல்.

அணி வியாழக்கிழமை பஸ்ஸில் புறப்படுகிறது. வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு அவன் உன் வீட்டுக்கு வருவான். அவனிடம் ஒன்றும் கேட்காதே. கேட்டால் சிரிப்பான், நீ அந்தச் சிரிப்பை நம்பிவிடுவாய். ஒரு கடதாசித் துண்டை எடுத்து, வலக்கையின் கடைசி இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து, இறுக்கிப் பிடி என்று சொல். பிறகு மெதுவாக இழு. அதற்குப் பிறகு நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதத் தேவையில்லை. பிரியாணிக்குச் சொன்னவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அமெரிக்காவில் படம் பார்க்கிறவன் பார்க்காமல் போகட்டும். கூழைக்கடாக்கள் தோற்கட்டும். அவர்கள் தோற்றபோது எப்படி இருந்தார்கள் என்று பார்த்தவள் நான்.

இன்று காலை நான் குசினி மேசையில் இதை எழுதிக்கொண்டிருக்க அமலன் வந்து பின்னால் நின்றான். தமிழ் வாசிக்க அவனுக்கு நேரமெடுக்கும். ஆனால் தன் பெயர் தெரியும், உன் பெயரும் தெரியும். வெகுநேரம் நின்றான். கடிதத்தைப் பறிப்பான் என்று நினைத்து மேலே கையை வைத்துக்கொண்டேன். அவன் பறிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கே நின்று, “மெதுவாப் போற தபாலிலை போடுங்கோ, அப்பம்மா” என்றான்.

போடவேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நீ நின்று யோசி. நான் கையெழுத்து வைத்ததும் உன் தங்கச்சி என்னைத் தபால் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். எல்லாவற்றிலும் விரைவாகப் போகிற தபால் எதுவோ அதில் போடுவேன்.

கிடைத்ததும் எனக்கு ரெலிபோன் எடுக்க வேண்டாம். நீ அழுவாய், நானும் அழுவேன், நேரம் போய்விடும். அவனை டொக்டரிடம் கொண்டுபோ. எல்லாம் முடிந்தபிறகு, அவனும் நீயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற புதுப் படம் ஒன்று எடு. ரெலிபோனில் அனுப்பாதே, அது விரல் பட்டதும் ஓடிவிடுகிறது. கடையில் கொடுத்து அச்சடித்துத் தபாலில் அனுப்பு. கை கட்டுப்போட்டுத் தொங்கினாலும் அப்படியே எடு, மறைக்க வேண்டாம். அவனைச் சிரிக்கச் சொல்லாதே.

உன்னைப் பெற்ற
அம்மா